வீடியோவின் கீழ் ஓரம்

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச் 14, காலை 10.20. அரை மணி நேரத்துக்குள் பாப்பாவிடம் "கண்ணைப் பாரு" என்று நாற்பத்தொரு தடவை சொன்னார்கள். பார்த்தால் ஒரு துண்டு பிஸ்கட். பயிற்சி மையத்தின் சன்னலுக்கு வெளியே நின்று எண்ணினேன்.

நலமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள். அத்தான் நலம். உன் மகள் நலமில்லை.

அவள் கண்ணைப் பார்த்து அம்மா என்று சொன்னதாக மையத்தில் எடுத்து அனுப்பிய வீடியோவை, நீ வேலை பார்க்கும் ஊரிலிருந்தே சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினாய். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த மாதத்திலிருந்து முழு நாளும் அங்கேயே விடச் சொல்கிறாய். திரும்பப் போட்டுப் பார். முகத்தை விடு, கீழ் ஓரத்தைப் பார். மேசைமேல் அவள் கைகளை அமுக்கிக்கொண்டிருக்கும் விரல்கள் யாருடையவை? அன்று வீட்டுக்கு வந்து மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். பல் தடம் இன்னும் போகவில்லை.

உனக்கென்ன தெரியும் என்று ஆரம்பிக்காதே. எனக்கும் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளே நீதான். எதிராளியின் கண்ணைப் பார்த்தால் அவர் சொல்வது என் காதில் ஏறாது. கை ஆடினால்தான் தலைக்குள் இரைச்சல் அடங்கும். விருந்தாளி வந்தால் மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளுவாயே, அப்போது நான் திருந்தவில்லை அக்கா, பயந்தேன்.

கையைப் பிடித்தால்தான் கவனம் வரும் என்றார் பயிற்சியாளர். எனக்கும் இதேதான், என்னைக் கேளுங்கள் என்றேன். சிரித்தார். "நீங்கதான் நல்லா பேசுறீங்களே சார், இவ கேஸ் வேற." பேசாதவளைக் கேட்க முடியாதாம், பேசுகிறவனைக் கேட்கத் தேவையில்லையாம். பிறகு யாரைத்தான் கேட்பார்கள்?

நான் தீ எச்சரிக்கை மணி பொருத்துகிறவன். சத்தம் தாங்கவில்லை என்று மணியின் ஒயரைப் பிடுங்குகிறவனை எங்கள் வேலையில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டோம். பாப்பாவின் மையத்தில் அதே வேலைக்குச் சான்றிதழ் கொடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.

நேற்று நானும் பாப்பாவும் மாடிப்படியில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தோம். சுவரைப் பார்த்தபடியே, "அம்மா எங்க?" என்றாள். யாரும் பிஸ்கட் கொடுக்கவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. அவளை அங்கே கூட்டிப்போக மாட்டேன். அத்தானிடம் சொன்னேன். "உங்க அக்காகிட்ட நீயே சொல்லிக்கப்பா" என்று நழுவிவிட்டார். சொல்லியாயிற்று.

2. ஞாயிறு காலை உனக்குப் போன் போட்டு அவள் பக்கத்தில் வைப்பேன். திரையைப் பார்க்க மாட்டாள். நீ பாட்டுக்குப் பேசு, கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

3. அவள் கை ஆடும். பிடிக்கச் சொன்னால் பிடிக்க மாட்டேன். சொல்லாதே அக்கா.

தம்பி