பாலத்தில் அன்று இல்லாதவர்

பிப்ரவரி 24

கடையில் இன்று சில மூக்குக்கண்ணாடிகளும் ஒரு வீரக்கதையும் போயின. கதை இலவசம்.

பாலம் இடிந்து பத்து வருடம் ஆகப்போகிறதாம். தொலைக்காட்சியைத் திறந்தால் போதும், நடிகையிலிருந்து அமைச்சர் வரை எல்லோரிடமும், "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்ற கேள்விதான். எல்லோருமே பாலத்தில்தான் இருந்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஏறி நின்றால் பாவம், அது இடியாமல் என்ன செய்யும்?

என் வீட்டுக்காரர் மட்டும் சளைத்தவரா? நான் உள்ளறையில் கண் பரிசோதித்துக்கொண்டிருப்பேன். தடுப்புக்கு அந்தப் பக்கம், வந்தவர் மூக்கில் ஃபிரேமைப் பொருத்தியபடியே ஆரம்பித்துவிடுவார். "பஸ்லேர்ந்து குதிச்சேன் சார். கண்ணு முன்னாடி பாலம் அப்படியே மடிஞ்சு விழுது..." முதல் வருடம் தூரத்தில் புழுதியை மட்டும் பார்த்தார். அப்புறம் தண்ணீரில் இறங்கினார். இப்போது இரண்டு குழந்தைகளைத் தோளில் சுமந்து கரையேற்றுகிறார். இவருக்கு நீச்சலே தெரியாது.

அன்று இவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாதா? வயிற்றுப்போக்கு. கட்டிலுக்கும் கழிப்பறைக்குமாக நடை. செய்தி வந்தபோது, "சத்தத்தைக் குறை, தலை வலிக்குது" என்றார்.

பிப்ரவரி 27

நாத்தனார் ஃபோன் செய்தாள். வணிகர் சங்கத்து நினைவுக் கூட்டத்தில் இவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். "அண்ணி, அண்ணனுக்குப் புதுச் சட்டை எடுத்தீங்களா?"

எதற்கு? அன்றைக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்த போர்வை பத்திரமாக இருக்கிறது. அதைப் போர்த்திக்கொண்டு மேடை ஏறட்டும்.

மார்ச் 2

கண்ணாடி முன் ஒத்திகை. குரல் தழுதழுக்க வேண்டிய இடம் சரியாக வரவில்லையாம், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார். தூ.

மார்ச் 5



அறுபது வயது இருக்கும், ஓர் அம்மா வந்தார். படிக்கிற கண்ணாடி வேண்டும் என்றார். பரிசோதித்து, ஃபிரேம் பார்க்க வெளியே அனுப்பினேன். இவர் ஆரம்பித்தார். பஸ், குதித்தது, குழந்தைகள்.

"எந்தப் பக்கத்துக் கரை தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா. "என் பொண்ணு பாலத்துல நடந்து போயிட்டிருந்தா. ஒல்லியா இருப்பா. பாத்தியா?"

சொல்லிடுவான், இந்த மனுஷன் 'பாத்தேன்'னு சொல்லிடுவான் — சொன்னால் அங்கேயே மானத்தை வாங்கிவிடுவது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இவர் ஃபிரேமை மேசையில் வைத்தார்.

"நான் அங்க இல்லம்மா. வயிறு சரியில்லாம வீட்டுல படுத்திருந்தேன்."

"அப்ப அந்தக் குழந்தைங்க?"

"எல்லாம் பொய்ம்மா."

அவர் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள்.

மார்ச் 6

கூட்டத்துக்கு வரவில்லை என்று இவரே போய்ச் சொல்லிவிட்டார். கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, வயிறு எப்படி இருக்கு?" என்கிறார். சிரிக்கிற ஆளைப் பாரேன்! ஏதோ ஜன்னல் கம்பியை வைத்துக்கொண்டு, பாலத்துக் கம்பி என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறவர்.

நாத்தனாருக்கு என் மேல் கோபம். "நீங்கதான் அண்ணன் வாயை அடைச்சிருக்கணும் அண்ணி." பத்து வருஷமா என் வாயைத்தானே தாயே அடைச்சிட்டிருக்கேன்!

மார்ச் 9

இவர் கடையில் வாயே திறப்பதில்லை. விலை மட்டும் சொல்கிறார். எனக்கு ஜெயித்த மாதிரி இருக்க வேண்டும். ஏன் இல்லை?

மார்ச் 14

நினைவு நாள். சங்கத்தில் செருப்புக் கடைக்காரர் பேசினாராம், கம்பியோடு. கைதட்டலாம்.

மத்தியானம் அந்த அம்மா வந்தார். வேறு கடை தூரமாம், எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் கஷ்டமாக இருக்கிறதாம். நான் உள்ளே இன்னொருவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அப்பால் இவர் ஃபிரேம்களை எடுத்து வைக்கிற சத்தம். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்கம்மா?"

"என்னை யாருமே கேட்டதில்ல தம்பி. அவங்கவங்க இருந்த இடத்தைச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. மாடியில துணி காயப்போட்டுட்டிருந்தேன். அங்கேர்ந்து பாத்தா அவ தெருமுனை திரும்புற வரைக்கும் தெரியும்..."

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

என் எதிரில் இருந்தவர் பலகையைப் பார்த்து எழுத்துகளை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"மெதுவா படிங்க" என்றேன்.