பள்ளக் காணி லீக்ஸ்

மாமா,

இன்று கொட்டகலையில் பஸ் ஏறியபோது எனக்கு முன்னால் ஒருவர் லீக்ஸ் மூடையொன்றை இழுத்து ஏற்றி, சாரதியின் இருக்கைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். காலையில்தான் பிடுங்கியிருக்க வேண்டும், வேரில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. பஸ் கிளம்பியதும் அந்த வெங்காய வாசனை உள்ளே நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் மட்டும் மூச்சை ஆழமாக இழுத்துவிட்டேன். லிந்துலையில் இறங்கும்வரை மனதுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். சொல்லி முடிக்காததை எழுதிவிடலாமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கினிகத்தேனைப் பிள்ளை. ஹட்டனில் புடவைக்கடையில் நின்றவள். உங்கள் மகனைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லய வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, வாசலில் வெயில் விழுகிற இடத்தில் அத்தையை உட்காரவைத்து நீங்கள் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தீர்கள். சீனி வருத்தத்தில் அத்தைக்குக் கண்பார்வை போயிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் ஓர் ஆண்பிள்ளை ஊர் பார்க்க மனைவிக்குச் சிக்கெடுப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போன பெண்கள் நின்று கேலி செய்தார்கள்.

“என்னா பெரியப்பா, இன்னைக்குப் பூ வைக்கலையா?”

“நேத்து வச்சதே இன்னும் வாடலம்மா. நீங்க பெரட்டுக்கு ஓடுங்க, கங்காணி பேரு கூப்பிட்டிருவாரு” என்றீர்கள், சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தோட்டத்து வேலையிலிருந்து ஓய்ந்த பிறகு, லயத்துக்குப் பின்னால் தேயிலை செத்துப்போன மேட்டைக் கொத்திப் பாத்தி போட்டிருந்தீர்கள். கரட், கோவா, கொஞ்சம் போஞ்சி. உங்கள் மகனைப் படிக்கவைத்ததும், மகளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த மேடுதான் என்று அத்தை சொல்வார். உங்கள் மகனுக்குக் கொழும்பில் ஹோட்டல் சமையலறையில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நாம் மூன்று பேர்தான்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மழை. ஒரு கிழமையாக விடாமல் பெய்தது. நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். மத்தியானம், அடுப்படியில் நானும் அத்தையும் இருந்தபோது பெரிய லொறி ஒன்று மேட்டிலிருந்து இறங்கி வருவதுபோல ஒரு சத்தம். அத்தைதான் முதலில் எழுந்தார். “புள்ள, மலை வருது” என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் சேறு முழங்காலுக்கு ஏறிவிட்டது. அத்தையின் கால் புதைந்து வர மறுத்தது. அப்போது நீங்கள் ஓடி வந்தீர்கள். குடை எங்கே போனதோ தெரியாது. அத்தைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து “ஏறு” என்று ஒரே சொல்தான் சொன்னீர்கள். அவரைச் சுமந்துகொண்டு ரோட்டை நோக்கி இறங்கினீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். லயத்தின் கடைசி வீடுகள் இரண்டும் இல்லை. உங்கள் பாத்திகள் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு காயம்.

“பின்னால பாக்காத தாயி. கால் வைக்கிற எடத்தப் பாரு.”

எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் அன்று ஓர் உயிரும் போகவில்லை. பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். உங்கள் மகன் கொழும்பிலிருந்து வந்து உங்கள் முன்னால் குந்தினார்.

“போதும்ப்பா. இனிமே என்னா இருக்கு இங்க? ஒரு ரூம் பாத்திருக்கேன். எல்லாரும் கெளம்புங்க.”

நீங்கள் உடனே மறுப்பீர்கள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. “என்னையக் கேக்காத. ஒங்க அம்மா எங்கயோ, நான் அங்க” என்றீர்கள்.

அத்தை செபமாலையை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: “கொழும்புக்கு வந்தா நான் ஒரு மூலையில ஒக்காந்திருப்பேன். இங்கன்னா களை புடுங்குவேன், கட்டுக் கட்டுவேன், எனக்கும் ஒரு வேலை இருக்கு. ஆனா ஒண்ணு. அந்த மலைக்குக் கீழ இனிமே நான் படுக்க மாட்டேன்.”

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அவ்வளவுதான் உங்கள் வீட்டுக் கூட்டம். அடுத்த நாளே நிலம் தேடக் கிளம்பிவிட்டீர்கள்.

தோட்டத்தில் நமக்கு, மலையை விட்டுத் தள்ளியிருந்த பழைய கொழுந்து மடுவத்தில், முன்பு கொழுந்து நிறுத்த கொட்டகையில், இடம் கொடுத்தார்கள். அதற்குக் கீழே ஆற்றோரம் ஒரு பள்ளக் காணி, ஆளுயரத்துக்குப் பன்னப் புதர் மண்டிக் கிடந்தது. காணிக்காரர் சிங்கள மனிதர், கொட்டகலை டவுனில் இருந்தார். அவரிடம் நீங்கள் சிங்களத்தில் பேசியதை நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். விளைவதில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னீர்கள். அவர் உங்கள் நரையைப் பார்த்துவிட்டு, “யார் வெட்டுவது?” என்று கேட்டார். நீங்கள் உங்களைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. புடவை மடிக்கத்தான் எனக்குத் தெரியும்.

எழுபதைத் தாண்டிய வயதில் நீங்கள் அந்தப் பன்னத்தை வேரோடு பிடுங்கினீர்கள். நான் ஒரு பாத்தி கொத்தினால் நீங்கள் மூன்று கொத்துவீர்கள். அத்தையைக் கூட்டிவந்து வரப்பில் உட்காரவைப்போம். அவர் மண்ணை அளைந்து கல்லை எல்லாம் பொறுக்கிப் போடுவார். உருளைக்கிழங்கு போட்டோம். செடி செழித்து வந்தது. நீங்கள் காலையில் பாட்டுக்கூட முணுமுணுத்தீர்கள்.

பிறகு தை மாதத்துப் பனி. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பள்ளம் முழுக்க உப்புத் தூவியதுபோல வெள்ளை. வெயில் ஏற ஏறச் செடியெல்லாம் கறுத்துத் தொங்கியது. எங்கள் கினிகத்தேனையில் அப்படியொரு பனியை நான் கண்டதில்லை. மண் சரிந்த அன்றும் கலங்காத நீங்கள் வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டீர்கள்.

“என்னா சத்தத்தையே காணோம்?” என்றார் அத்தை.

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் பனி.”

அத்தை கையை நீட்டி ஓர் இலையைத் தடவினார். விரலில் அது கூழாக ஒட்டியது. அதைச் சேலையில் துடைத்தார். பிறகு, “எனக்குக் கண்ணு போன அன்னைக்கு நீங்க அழுதீங்க. மறுநாளே வாசல்லயிருந்து தண்ணிப் பீலி வரைக்கும் கயிறு கட்டிட்டீங்க, நான் புடிச்சு நடக்க. இப்பவும் இன்னைக்கு அழுங்க. நாளைக்கு என்னா செய்யப் போறோம்னு மட்டும் சொல்லிருங்க” என்றார்.

நீங்கள் துவாயை எடுத்தீர்கள். உங்கள் கண் சிவந்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“லீக்ஸ் போடுவோம். அது பனி தாங்கும்” என்றீர்கள்.

அந்த லீக்ஸை நாம் குழந்தைபோலப் பார்த்தோம். வளர வளரத் தண்டைச் சுற்றி மண் அணைக்க வேண்டும், அப்போதுதான் அடி வெள்ளையாக நீளும் என்று காட்டித்தந்தீர்கள். முக்கால்வாசி வளர்ந்த சமயத்தில்தான் அந்த இருமல். முதலில் கசாயம் குடித்தீர்கள். பிறகு மூச்சு இழுத்தது. நுவரெலியாவில் வார்ட்டில் சேர்த்தோம். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்றேன்.

“ஆத்துப் பக்கத்துப் பாத்திக்கு இன்னும் மண்ணு அணைக்கல.”

“அது கெடக்குது மாமா. நீங்க முதல்ல எந்திரிங்க.”

“நான் எந்திரிக்கிற வரைக்கும் அது வளராம நிக்குமா? என்னையப் பாத்தது போதும். போ தாயி.”

கோபத்தோடு வந்தேன். அந்தக் கோபத்திலேயே இருட்டும்வரை அணைத்தேன். அடுத்த நாள் வந்து சொன்னபோது, “எவ்வளவு ஒசரம்?” என்று கேட்டீர்கள். கையால் காட்டினேன். உங்களுக்குத் திருப்தியில்லை. என் கையைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திவிட்டீர்கள். அந்தக் கிழமைக்குள் போய்விட்டீர்கள்.

சுவாமியார் வந்து செபித்து, மழைத் தூறலில் உங்களை அடக்கம் செய்தோம். வீடு நிறைய ஆட்கள். இனி நாங்கள் கொழும்புக்குத்தான் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். காணிக்காரரும் வந்தார். “நல்ல மனுசன், பாவம்” என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுத் தயங்கினார். “காணி... வேற ஆளுக்குக் குடுக்கவா?”

உங்கள் மகன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். “இல்ல மாத்தயா. நாங்க செய்றோம்.”

அவர் போன பிறகு உங்கள் மகன் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். “நாங்கன்னா யாரு? அப்பாவே முடியாமப் போயிட்டாரு. நீ கடையில நின்ன புள்ள.”

“கடையில நின்னேன். இப்ப காணியில நிக்கிறேன். வெட்டு நேரத்துக்கு லீவு போட்டுட்டு வாங்க, மூடை தூக்க ஆள் வேணும்.”

அவர் வந்தார், மாமா. பத்து நாள் லீவில் வந்து மூடை தூக்கினார். நான் பிடுங்கினேன், அத்தை கழுவிக் கட்டினார். ஆற்றோரப் பாத்தியின் லீக்ஸ்தான் எல்லாவற்றிலும் நீளம். உங்கள் மகன் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாத்திக்கு நடுவிலேயே உட்கார்ந்து அழுதார். அதற்கப்புறம் அவர் கொழும்புப் பேச்சை எடுத்ததில்லை.

இப்போது அத்தைக்கு நான்தான் தலை வாருகிறேன். உங்கள் அளவுக்குப் பொறுமை எனக்கில்லை என்று குறை சொல்கிறார். பனி இரண்டு முறை வந்து போய்விட்டது. ஆறு ஒருமுறை ஏறி ஒரு பாத்தியைக் கொண்டுபோனது. அதற்குப் பதிலாக மேலே இன்னொன்று போட்டேன். அழாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

இன்று கொட்டகலைக்குப் போனது காணிக்காரரைப் பார்க்கத்தான். பள்ளத்துக்கு மேற்கே ஊற்று நிறைந்த ஒரு துண்டு இருக்கிறதே, அதையும் பங்குக்குக் கேட்டு வாங்கிவிட்டேன். ‘அது நமக்கு ஆகாது, காலை வச்சா இடுப்பு வரைக்கும் போகும்’ என்று நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்த இடம். வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அவரு ஆகாதுன்னது அவரு வயசுக்கு. ஒனக்கென்னா? முதல்ல கான் வெட்டித் தண்ணிய எறக்கு. என்னையும் கூட்டிட்டுப் போ, எந்தப் பக்கம் தண்ணிச் சத்தம் கேக்குதுன்னு நான் சொல்றேன்.”

கோபப்படுவதென்றால் படுங்கள், மாமா. நாளைக் காலை நாங்கள் இருவரும் கான் வெட்டப் போகிறோம்.