புளிக்க மறுத்த பௌச்சோங்

ஓவேலி,
ஞாயிற்றுக்கிழமை, மழை சற்றே ஓய்ந்த நேரம்

அன்பு அம்மிணி ஜீவிதாவுக்கு,

ஓவேலி மலைகளின் முடிசூடா மன்னனும், எஸ்டேட் ஃபாக்டரியில் தேயிலை புளிக்க வைக்கும் ரூமைக் கட்டியாண்டு ரிட்டையர் ஆனவனும், உன் ஒரே தாய்மாமனுமாகிய பாண்டியராஜ் இங்கே சுகம். முட்டி, பல், பிரஷர் ஆகிய என் குடிமக்களும் இந்த வாரம் கலகம் செய்யாமல் அடங்கியிருக்கிறார்கள். தைவான் தேசத்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். இப்போது நான் எழுதப்போவது உலகத்தில் ஒருத்தரும் நம்பாத கதை, இதைச் சத்தியம் செய்து சொல்கிறேன். உங்கம்மா சுகந்தி உயிரோடு இருந்திருந்தால் பாதியிலேயே தலையில் அடித்துக்கொண்டு அண்ணா போதும் என்று எழுந்து போயிருப்பாள். ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். வீடியோ காலில் என் மூஞ்சி எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது, காகிதம் அப்படியில்லை, எழுதினதை எழுதினபடி வாங்கிக்கொள்ளும்.

நீ கேட்ட கேள்விக்கும் பதில் இதிலேயே வருகிறது. நீ இருக்கிற தைவான் லேபில் நிரந்தர வேலை தருகிறார்கள், கையெழுத்துப் போட்டால் இனி அங்கேதான், போடட்டுமா மாமா, இல்ல ஊருக்கே வந்துடட்டுமா, நீங்க சொல்றதுதான் என்றாய். நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். மன்னர்கள் உடனே பதில் சொல்வதில்லை.

முதலில் ஊர்ச் சேதி. பக்கத்து ஊட்டு டக்ளஸ் மாமாவும் ஜெஸிந்தா அத்தையும் கோயமுத்தூருக்கே போய்விட்டார்கள், மகன் ஊட்டில் லிஃப்ட் இருக்கிறதாம், அத்தைக்கு இந்த ஏத்தம் முடியவில்லை. போகும்போது கோழிகளை என்னிடம் விட்டுப் போனார்கள், கீரிப்பிள்ளைக்கு அது தெரிந்துவிட்டது, இப்போது கூடு மட்டும் இருக்கிறது. மேலே எஸ்டேட் லைன் வரிசையில் இரண்டு ஊட்டில்தான் விளக்கு எரிகிறது. பலா இந்த வருஷம் தாறுமாறாகக் காய்த்து, தின்ன ஆளில்லாமல் விழுகிறது. மழையும் பனியும் மாறிமாறி வருவதால் துணி காய்வதில்லை, நேற்று என் பனியனை அடுப்புக்கு மேலே காயப்போட்டு ஒரு கையைக் கருக்கிவிட்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். நீ அனுப்பிய பௌச்சோங் தேயிலை வந்து சேர்ந்தது. வெள்ளைக் காகிதத்தில் நாலு பக்கமும் மடித்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தவன் திடுக்கிட்டுப்போனேன். கரும்பச்சையாக, முறுக்கு முறுக்காக, நீள நீளமாகக் கிடக்கிறது. ஆயுசு பூராவும் புளிக்க வைத்த கை இது அம்மிணி, பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன், இது வேலை முடியாத சரக்கு, பாதியில் எடுத்துவிட்டார்கள், எங்க புள்ளையை எவனோ நல்லா ஏமாத்திட்டான் என்று. ஏமாந்தது உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று, சத்தமில்லாமல் நானே மீதி வேலையை முடித்துக் கொடுக்க முடிவு செய்தேன். பாதியை எடுத்துத் தண்ணீர் தெளித்து, குளியலறைத் தரையைக் கழுவி அதில் பரப்பி, ஈரத்துணியைப் போர்த்தி, புளித்ததற்கு அடையாளமான செப்புக்காசு நிறம் வருகிறதா என்று காவல் உட்கார்ந்தேன். நிறம் வருவேனா என்கிறது. எங்கள் ஃபாக்டரியில் இலை காயவைக்கும் டிரையரில் வேலை பார்த்தவன் டக்ளஸ்தானே, போன் போட்டால் அவன் கோயமுத்தூரில் இருந்துகொண்டே வாசம் என்னடா சொல்லுது என்று கேட்டான். பூக்கடைக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்குது என்றேன். அப்ப கெட்டுப்போச்சு, தூக்கி எறிடா பாண்டி, உனக்கு வயசான மாதிரியே உன் மூக்குக்கும் வயசாயிருச்சு என்று வைத்துவிட்டான்.

துணியை விலக்கினால் ஒவ்வொரு முறுக்கும் பிரிந்து முழு இலையாகப் படுத்துக் கிடக்கிறது. காம்போடு, நரம்போடு, ஓரத்தில் மட்டும் லேசாகச் சிவந்து. எங்கள் மிஷினுக்குள் போன கொழுந்து தூளாகத்தானே வெளியே வரும். இத்தனை வருஷம் தேயிலையில் பிழைத்தவன், ஃபாக்டரியைத் தாண்டி வந்த ஒரு முழு இலையை என் குளியலறையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்புறம்தான் உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். அதைக் கொஞ்சமே கொஞ்சம் புளிக்கவிட்டு, உடனே சூடு காட்டி நிறுத்திவிடுவார்கள், அதுதான் அந்த ஊர்ப் பழக்கம் என்கிறாய். சூடு பட்ட இலை எப்படிப் புளிக்கும். நிறுத்திய வேலையை முடிக்காத வேலை என்று நினைத்துக் கெடுத்த பெருமை உன் மாமனுக்கே.

மீதிப் பாதியை நீ சொன்னபடி பால், சர்க்கரை இல்லாமல் வெந்நீர் ஊற்றி வைத்தேன். அங்கேதான் அதிசயம். வாசம் சன்னலைத் தாண்டிப் போய், முதுமலைத் தேனீயெல்லாம் வரிசையில் வந்து பேர் கொடுத்துக் காத்திருந்தன. கூடலூர் பஸ் நடுரோட்டில் நின்று, டிரைவரும் கண்டக்டரும் பயணிகளும் இறங்கி வந்தார்கள். எஸ்டேட் மேனேஜர் தொப்பியைக் கழற்றி, ஏனுங்க பாண்டியராஜ், இந்த ஃபாக்டரியை நீங்களே வெச்சுக்கங்க, ரெசிப்பியை மட்டும் சொல்லுங்க என்று காலில் விழப் பார்த்தார், நான் பெருந்தன்மையாகத் தடுத்தேன். கடைசியில் கொம்பன் யானை ஒன்று பனியைத் தள்ளிக்கொண்டு வேலியோரம் வந்து, தும்பிக்கையை மடக்கி, பால் ஊத்தாம ஒரு கிளாஸ் கிடைக்குங்களா என்று மரியாதையாகக் கேட்டது. அதே இலையில் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றி ஊருக்கே கொடுத்தேன். அன்றிலிருந்து ஊட்டில் உட்கார இடமில்லை, பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. ஆகவே இதுவே என் அரசாணை: கையெழுத்தைப் போடு. இங்கே மாமன் தனியாக இருக்கிறானே என்கிற நினைப்புக்கு இடமே இல்லை, கூட்டம் தாங்கவில்லை.

லேபில் ஏசிக் குளிருக்குக் காதை மூடிக்கொள். தலைக்கு எண்ணெய் வை, ஷாம்பு எண்ணெய் ஆகாது. பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார், போன தடவை மாதிரி கடைசி நிமிஷத்தில் ஓடாதே. எல்லாம் நல்லபடி நடக்கும், நீ தொட்டதெல்லாம் துலங்கும், மாமனின் மனசும் உங்கம்மாவின் ஆசியும் எப்போதும் உன் பக்கம்.

கடிதத்தை முடித்துக் கையெழுத்துப் போடப் போனவன், உண்மையையும் எழுதிவிடுகிறேன். தேனீ, பஸ், மேனேஜர் எல்லாம் என் சொந்தத் தயாரிப்பு. யானை மட்டும் வந்தது அம்மிணி. டீ கேட்கவில்லை, பலாப்பழத்துக்கு வந்திருக்கும். விடியற்பனியில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. ஃபாரஸ்ட்காரர் கொடுத்த நம்பர் போனில் இருக்கிறது, கூப்பிட்டிருந்தால் பட்டாசோடு வந்து விரட்டியிருப்பார்கள். கூப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தேன், திட்டாதே. அது மூச்சு விடுவது சுவரைத் தாண்டிக் கேட்டது. இந்த ஊட்டுப் பக்கம் இன்னொரு உயிர் மூச்சு விடுவதைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. அது திரும்பி நடந்தபோது, இன்னும் செத்த நேரம் நில்லு என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வேலைக்குக் கையெழுத்தைப் போடு, அந்தச் சொல்லில் மாற்றமில்லை. ஆனால் லீவைப் பொங்கலுக்கென்று சேர்த்து வைக்காதே, இப்போதே வா. இருந்துவிட வேண்டாம். அந்த யானை மாதிரி சும்மா வந்து கொஞ்சம் நின்றுவிட்டுப் போ, போதும்.

உன் வரவை நோக்கும் மாமன்,
மு. பாண்டியராஜ்