ஐந்து வில்லைகளும் கேட்கவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் அத்தை பிழைத்துவிட்டாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே.

நம் தெருக்கோடிப் பொதுக் கழிப்பறையை வெளிநாட்டு உதவியில் கட்டினார்களே, அந்த உதவி இந்த வருஷம் திடீரென்று நின்றுவிட்டது. வாராவாரம் தொட்டியை உறிஞ்ச வந்த லாரியும் இல்லை, தண்ணீரில் குளோரின் போட்டவரும் வருவதில்லை. தொட்டி பொங்கி, விரிசல் விட்ட குடிநீர்க் குழாய் வரைக்கும் போயிருக்கிறது, நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் அத்தைக்கு டைபாய்டு. தானே கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இறங்காமல் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்தாள். அவள் ரத்தத்தில் இருந்த கிருமியை லேபில் நானே தட்டில் வளர்த்து மருந்து தோய்த்த ஆறு காகித வில்லைகளை வைத்தேன், மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெறும் வளையம் விழும். மறுநாள் திறந்தால் ஐந்து வில்லைகளைச் சுற்றியும் ஒட்ட ஒட்ட மண்டிக் கிடக்கிறது! இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா நம்பவில்லை, "நீங்க எதையோ மாத்தி வச்சிருப்பீங்க, இன்னொரு தடவை போடுங்க" என்றார், போட்டேன், அதேதான். ஆறாவதான ஊசி மருந்து மட்டும் கேட்டது, அதில்தான் எழுந்து உட்கார்ந்தாள்.

அத்தோடு வில்லைகள் தீர்ந்தன, அவையும் அதே உதவியில் வந்தவைதான். அடுத்த வாரம் உன் கல்யாணத் துணியெல்லாம் தைத்த டெய்லர் அக்கா அதே காய்ச்சலோடு வந்தாள், அவளும் இரண்டு வாரம் மாத்திரையிலேயே ஓட்டியிருக்கிறாள். ரத்தக் குப்பியை என்னிடம் நீட்டினார்கள், என்னால் முடியாது என்று திருப்பிக் கொடுத்தேன். "டெஸ்ட் இல்லாம அந்த ஊசியைத் தூக்கிக் குடுத்தா நாளைக்கு அதுவும் கேக்காமப் போயிடும்" என்று டாக்டரம்மா தயங்கினார், அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் ஒரே குழாய்த் தண்ணீர்தானே குடித்தோம், அதையே போடுங்கள் என்று நான் மூன்றாம் நாள்தான் வாய் திறந்தேன். அன்று காலையிலேயே அவள் குடலில் ஓட்டை விழுந்திருந்தது, சாயங்காலம் போய்விட்டாள். முதல் நாளே சொல்லியிருக்கலாமடி.

தெருக்காரர்களே கூடி லாரி பிடித்திருக்கிறார்கள், நானும் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் காய்ச்சச் சொல்கிறேன். நீயும் காய்ச்சல் என்றால் நீயாக மாத்திரை போடாதே, டாக்டரைப் பார். இருவரும் நூறு வருஷம் நன்றாயிருங்கள். போனில் அத்தையிடம் மட்டும் எதையும் உளறிவிடாதே, அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இளைத்துப்போனதில் உடுப்பெல்லாம் தொளதொளவென்று இருக்கிறதாம், அக்காவை வந்து அளவெடுக்கச் சொல் என்று தினமும் கேட்கிறாள்.

உன் அம்மா