தொண்ணூற்றொன்பது மணி நேரம்

அன்புள்ள தோழிக்கு,

அப்பா எழுந்து உட்காருகிறாரா? சாப்பாடு இறங்குகிறதா? நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

நம் கணக்கில் தப்பு இருக்கிறது என்று நான் செய்தி அனுப்பிய அன்றே, "கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு" என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டாய். எடுக்கமாட்டேன். முதலில் இதைப் படி.

குழந்தைகள் காப்பகம் திறந்த தெருக்களில் தாய்மார்கள் வாரத்துக்குப் பதினொரு மணி நேரம் கூடுதலாக வேலை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தோம். அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு ஏறி இறங்கிக் கண்டது. வேலை நேரம் தெரியாவிட்டால் படிவத்தில் 99 என்று போடுவது நம் ஏற்பாடு. கணினியில் ஏற்றும்போது அதை நீக்க விட்டுப்போயிற்று. கணினி என்ன செய்யும் பாவம், 99 போட்ட அத்தனை பேரும் தொண்ணூற்றொன்பது மணி நேரம் உழைத்ததாகவே கூட்டிவிட்டது. அதுவும் காப்பகத் தெருக்களில்தான் 99 அதிகம். மருமகள்கள் வேலைக்குப் போயிருக்க, வாசலுக்கு வந்த மாமியார்கள், "எனக்கென்னம்மா தெரியும், அவ வந்தா கேளு" என்று சொல்லியிருக்கிறார்கள்.

திருத்தியதும் பதினொன்று நாலாகிவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கோபம் வந்தது. நாலு என்றால் கேவலமா? பதினான்கு அட்டவணைகளையும் புதிதாகப் போட்டேன். மூன்று விதமாகக் கணக்கிட்டும் அந்த நாலு அசையவில்லை. துறைத் தலைவர் பார்த்துவிட்டு, "பதினொண்ணே இருக்கட்டுமே, யாரு தோண்டிப் பாக்கப் போறா?" என்றார். நான்தான் தோண்டிவிட்டேனே சார் என்றேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆய்விதழ்க்காரர்களின் கெடுபிடி வேறு. நாற்பது பக்கத்தைத் தாண்டக்கூடாது. எழுதியது யார் என்று மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியக்கூடாதாம். "எங்கள் முந்தைய ஆய்வில்" என்று அடிக்குறிப்பில் நீ பெருமையடித்துக்கொண்ட இடங்களையெல்லாம் தேடித் தேடி அடித்தேன். பெயர்களுக்குத் தனிப் பக்கம். நம் துறை வழக்கப்படி அகர வரிசை, அதனால் நீதான் முதலில். யார் அதிகம் உழைத்தது, யார் தப்பு செய்தது என்றெல்லாம் அந்த வரிசையில் கிடையாது. சம்மதப் படிவத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும். இந்தக் கட்டுரை இல்லாவிட்டால் உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கமாட்டார்கள், ஜூனோடு வேலை போய்விடும். வீம்பு பிடிக்காதே.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ விவரங்களை ஏற்றியது அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து. சரிபார்ப்பது என் பொறுப்பு. "எல்லாம் பாத்துட்டேன், சரியா இருக்கு" என்று உன்னிடம் சொன்னேன். நான் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. இதைச் சொல்லத்தான் அத்தனை தடவை போன் செய்தேன். நீ எடுக்காதபோது உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருக்கிறேன். படிவம் இதோடு இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன், அதற்கு மேலே உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அப்பா சீக்கிரம் நடமாடட்டும். என்னை ஆசை தீரத் திட்டு, ஒரு மாதம் பேசாமல் இரு. கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டுத் திட்டு.

அன்புடன்,
உன் தோழி