யாருக்கும் தோன்றியிருக்கும்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே?

என் காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லும் கம்பெனி, தன் நிபுணரின் அறிக்கையை அனுப்பியிருக்கிறது. அடியில் உன் கையெழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். உன்னுடையதேதான்.

கரைசலைக் குளிரவைத்த பிறகு அமிலம் சேர்க்கும் இம்முறை, சாதாரண வேதியியலாளர் எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது என்கிறாய். தீர்ப்பாயமும் அப்படியே நினைத்தால் காப்புரிமை போய்விடும். போனால் போகட்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லை. அவர் காலமான பின் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

அன்று, நாம் ஒன்றாக வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், நான் குடுவையைப் பனிக்கட்டியில் இறக்கியபோது பக்கத்து மேசையில் நீ. "அக்கா, சூடா இருக்கறப்பவே ஆசிட்டை ஊத்துங்க. ஆறினப்புறம் ஊத்தினா மொத்தமும் கறுப்புத் தாராப் போயிடும். குடுவையை யாரு கழுவறது? நான் மாட்டேன் சாமி" என்றாய். அறையே சிரித்தது. வெள்ளைப் படிகம் இறங்கியதும் முதலில் வாயைப் பிளந்தவனும் நீதான்.

அந்த அறையிலேயே கெட்டிக்காரன் நீ. உனக்கே தோன்றாதது எவருக்கும் தோன்றுமா? பதில் வேண்டும்.

அக்கா

மார்ச் 11

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கான்வென்ட் கையெழுத்துக்காரர் நீங்கள், இந்தக் கோணலுக்குத் திட்டாதீர்கள்.

சத்தியமாக, அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. எளிது என்று மனதார நம்பித்தான் எழுதினேன். ஆனால் சொல்லியிருப்பேன். அன்றைய பாடப்புத்தகமெல்லாம் அப்படித்தான் சொன்னது; எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் தார் என்றுதான் சொல்லியிருப்போம். இதைத் தீர்ப்பாயத்துக்கு எழுதி, அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். கம்பெனி வக்கீல் போனில் கத்துகிறார்.

விடை தெரிந்தபின் கேள்வியே மறந்துபோகுமா அக்கா? என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன்னை நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

நேற்று என் வக்கீல், "இதுல அப்படி என்னம்மா கஷ்டம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார். சொல்ல உட்கார்ந்தேன். எது கஷ்டம் என்று எனக்கே பிடிபடவில்லை. குளிரவைத்தால் படிகம் வரும், வராமல் வேறென்ன செய்யும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நீ சொன்னது, எல்லாரும் சிரித்தது, ஒன்றும் மறக்கவில்லை. தெரியாமல் இருந்தது எப்படி இருந்தது என்பது மட்டும் மறந்துவிட்டது. நீதிபதி இடத்தில் நானே இருந்திருந்தால் என் காப்புரிமையை நானே ரத்து செய்திருப்பேன்.

வியாழக்கிழமை விசாரணை. சாட்சி சொல்ல வா. தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை.

அக்கா