விட்மோர் என்ற பெயர் வந்த வழி

அன்பு மகளுக்கு,

எங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று லண்டனில் கேட்கிறார்கள் என்றாய். பண்டத்தரிப்பில் பழைய மிசன் பதிவேட்டைத் தேடிப் பார்த்தேன்.

நாங்கள் வெள்ளைக்காரனின் வழி இல்லை. அந்தக் காலத்தில் மிசன் விடுதிப் பிள்ளையின் படிப்பைக் கடலுக்கு அப்பால் இருந்து பொறுப்பெடுக்கிறவர், விரும்பிய பெயரை அதற்கு வைக்கலாம். என் பாட்டனின் பாட்டன் கதிரேசுவுக்கு ஹென்றி விட்மோர் என்று வைத்தவள் அப்படிப் பொறுப்பெடுத்த ஒரு தாய். காரணமும் எழுதியிருக்கிறது: ஆறு வயதில் இறந்த தன் மகனின் பெயரை யாராவது கூப்பிட வேண்டுமாம்.

உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு உன் அண்ணையின் பெயரை வைக்கட்டுமா என்று நீ கேட்டபோது, "உயிரோடை இருக்கிறவன்ரை பேரை ஏன் வைப்பான்?" என்று போனை வைத்தவள் அவள். கடைசிச் சண்டையில் காணாமற்போனவனின் படத்தோடு இன்றும் வீதியில் போய் நிற்கிறவள்.

இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அந்தத் தாய் பேர் வைக்க எத்தினை வருசம் பொறுத்தவ?" என்று கேட்டாள். அது பதிவேட்டில் இல்லை என்றேன்.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் இருக்கிறாள்.

"வைக்கச் சொல்லுங்கோ," என்கிறாள். "எனக்கு அந்தப் பேரைக் கூப்பிடவேணும்."

அப்பா